டிரம் கடைஞ்சும் உதறுதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): அண்ணாச்சி, எங்கப்பா காலத்து அம்பாசிடர், நாலு வீலும் டிரம் பிரேக்குதான். காரையார்ல இருந்து பாபநாசம் இறங்கயில பாதி வழி ஒழுங்கா வருது, அப்புறம் பிரேக்ல கால வச்சா ஸ்டியரிங்கும் பெடலும் சேந்து உதறுது. ரெண்டு தடவ டிரம்ம (வீலோட சேந்து சுத்துற இரும்பு டப்பா) லேத்துல கடைஞ்சாச்சு, கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே கததான். என்ன செய்ய?

பதில்: ரெண்டு தடவ கடைஞ்சாச்சுன்னு சொல்லுதீங்கல்லா, வினையே அங்கதான் இருக்கும். கடைய கடைய டிரம் மெலியும், மெலிஞ்ச இரும்பு சீக்கிரம் சூடாவும், அதுல எங்க ஒரு பொடி மேடு இருக்கோ அங்கதான் லைனிங் (உள்ளருந்து டிரம்ம அமுக்கி நிறுத்துற பட்டை) அதிகமா உரசும், உரசுன எடம் இன்னும் சூடாகி இன்னும் எழும்பும், அதுதான் பாதி வழிக்கு மேல காலுக்கு தெரியுது. உள்ள நீலமும் கருப்புமா திட்டு இருக்கான்னு பாருங்க. அது சூட்டுல இறுகிப்போன இரும்பு, லேத் டூல் அது மேல ஏறி இறங்கிரும், வெட்டாது. கிரைண்ட் பண்ணா போவும், ஆனா ஆழமா இருந்தா திரும்ப வரும்.

பத்து இஞ்சு டிரம்னா பொதுவா 60 தௌ (இஞ்சுல ஆயிரத்துல 60 பங்கு), அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் வரைக்கும்தான் விட்டம் கூடலாம். அத தாண்டிருந்தா புதுசு போட்டுருங்க. வாங்கயில கனத்த பாருங்க, வாய் ஓரத்துல சுத்தி தடிச்ச வளையம் இருக்கணும், டிரம்முக்கு மூடுன பக்கம்தான் தட்டு தாங்குது, தொறந்த பக்கம் சூட்டுல விரியாம பிடிக்கிறது அந்த வளையந்தான். சில பட்டறைல அழகுக்குன்னு அதையும் சீவிருதாவ, விடாதீங்க! அந்த காலத்து ஸ்போர்ட்ஸ் காருல லைனிங் உரசுற இரும்பு வளையத்த சுத்தி அலுமினிய துடுப்பு வச்சு வார்த்தாங்க, சூட்ட இரும்ப விட மூணு மடங்கு வேகமா கடத்தும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், நல்ல வார்ப்பிரும்பே போதும், அதுக்குள்ள இருக்க கிராஃபைட் அதிர்வ முழுங்கிரும்.

கடைஞ்சா ஹப்போட (வீல் மாட்டுற நடுக்குடம்) சேத்து கடையச் சொல்லுங்க, லைனிங்கயும் அந்த வட்டத்துக்கே தேய்க்கணும், வீல் நட்ட குறுக்கால மாத்தி மாத்தி முறுக்கணும். அதுக்கு முன்னால வீல் பேரிங் ஆடுதான்னு ஒரு தடவ ஆட்டிப் பாருங்க, இல்லேன்னா சும்மா டிரம்ம பழி சொல்லிட்டு இருப்போம். எறக்கத்துல செகண்ட் கியர்ல வாங்க. கீழ வந்ததும் சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க, ஹேண்ட் பிரேக்கும் போடாதீங்க, கட்டைய வைங்க.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): டிரம்ல ஓட்டை போட்டா சூடு குறையுமா?

பதில்: வேண்டாம்யா, விரிசல் அங்க இருந்துதான் ஆரம்பிக்கும்.