சிக்னல் பலமிருந்தும் வேகம் குறைவது குறித்து

வணக்கம் ஐயா. பாலக்கோட்டு வீட்டு மொட்டைமாடியில் வைத்த 4ஜி ரவுட்டர் ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னல் பலம்) -84, ஆர்.எஸ்.ஆர்.கியூ. (சிக்னல் தரம்) -17 என்று காட்ட, மாலையில் வேகம் படுத்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். முதல் எண், கோபுரம் அளவீட்டுக்காக அனுப்பும் குறிப்புச் சிக்னலின் சராசரி பலம் மட்டுமே. தரத்தை அது சொல்லாது. இரண்டாம் எண், அந்தப் பலத்துக்கும் ரவுட்டருக்கு வந்து சேரும் மொத்த ஆற்றலுக்கும் உள்ள விகிதம், டெசிபெலில். தலா 15 கிலோஹெர்ட்ஸ் கொண்ட 12 துணை அலைகள் சேர்ந்ததே ஒரு வளத் தொகுதி (4ஜி அலைவரிசையைப் பங்கிடும் அலகு); ஒரு துணை அலையின் பலம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால், உங்கள் கோபுரம் தொகுதிகள் அனைத்தையும் நிரப்பி அனுப்பினாலும் அந்தச் சுமையால் மட்டும் இரண்டாம் எண் ஏறக்குறைய -11க்குக் கீழே இறங்காது. மீதி ஆறு டெசிபெல், அநேகமாக அதே அலைவரிசையில் இயங்கும் பக்கத்துக் கோபுரங்களின் குறுக்கீடு. கிருஷ்ணகிரியில் என் ரவுட்டரை மாடியிலிருந்து கீழ்த்தளச் சன்னலுக்கு இறக்கியபோது பலம் குறைந்தும் எஸ்.ஐ.என்.ஆர். (குறுக்கீடு, இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை டெசிபெல் மேலே என்ற அளவு) 2இலிருந்து 11க்கு ஏறியது; சுவர்கள் பக்கத்துக் கோபுரங்களை மறைத்ததே அநேகமாகக் காரணம். தங்கள் கோபுரத்தைப் பார்த்த சன்னலில் வைத்து, நெரிசல் மிகுந்த மாலை வேளையிலேயே அளந்து பாருங்கள்.