வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள் அம்மா

நீட்டில் இரண்டாவது முறையும் மதிப்பெண் போதவில்லை, மகள் யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு ஏஜென்ட் பார்த்துவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே டாக்டராக வேலை பார்க்க எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். கல்யாண வீட்டில் நாலு பேர் 'டாக்டர் பொண்ணு' என்று சொல்வதற்காக இருக்கிற வீட்டைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் தம்பியிடமும் இதையே சொல்லுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தாத்தா ஐசியுவில் இருந்தபோது, வென்டிலேட்டர் திரையில் ஓடும் கோடுகளைப் பற்றி அங்கிருந்தவரைக் கேட்டுக்கொண்டே நின்றாளாமே! அந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பி.எஸ்சி ரெஸ்பிரேட்டரி தெரபி, அதாவது மூச்சுவிடச் சிரமப்படும் நோயாளிகளுக்கான சிகிச்சைப் படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை.

இந்த வேலையில் என்ன செய்வார்கள்? வென்டிலேட்டரில் போடும் நோயாளியின் பக்கத்தில் முதலில் டேப்பை எடுத்து உயரத்தை அளப்பார்கள். நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாகாது. ஐந்தடி உயரமுள்ள பெண் 80 கிலோ இருந்தாலும், கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் எடை 45.5 கிலோதான். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் கிலோவுக்கு 6 மில்லி வீதம், ஒரு மூச்சுக்கு 273 மில்லி காற்று. முன்பெல்லாம் இதைப்போல இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதை மாற்றியது ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவில் 861 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். முடிவு 2000ஆம் ஆண்டு வெளியானது. கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்த பிரிவில் 31 பேர். புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை, காற்றின் அளவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அங்கே வென்டிலேட்டரை அமைத்துக் கவனிப்பது பெரும்பாலும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுகள்தான். அவர்கள் ஒவ்வொரு படுக்கையிலும் சரியாக அளந்து, சரியாக எழுதி வைக்காவிட்டால் இப்படிப்பட்ட ஆராய்ச்சியே நடக்காது. நோயாளி தானாக மூச்சுவிடத் தயாரா என்று தினமும் சோதிப்பதும், குப்புறப் படுக்க வைக்கும்போது குழாய் நழுவாமல் பார்த்துக்கொள்வதும் இதே வேலையில் சேர்ந்ததுதான்.

இங்கேயும் ஆராய்ச்சிக்கு வழி இருக்கிறது. பல ஐசியுக்களின் தகவல்களைத் திரட்டும் 'ஐரிஸ்' என்ற இந்தியப் பதிவேடு நடக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு, ஐசியுவில் பழகிய, எண்களில் பொறுமையுள்ள ஆட்கள் தேவைப்படுகிறார்கள். எம்.எஸ்சி, பிஎச்.டி என்று மேலே போகலாம்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. நைட் டூட்டி உண்டு. கண்ணெதிரே மரணத்தைப் பார்க்க வேண்டிவரும். அவளால் அதைத் தாங்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லக் கூடாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைக் காட்டுவார்கள். நீங்கள் ஐசியுவைக் காட்டச் சொல்லுங்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது, மாணவர்கள் எந்த வருடத்திலிருந்து உள்ளே போகிறார்கள், பல்கலைக்கழக இணைப்புக் கடிதம் எங்கே? இவற்றுக்கெல்லாம் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். வேறு பெயரில் டிப்ளமோ தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹாஸ்டல் செலவோடு மொத்தக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அது கல்விக்கடனுக்குள் அடங்காவிட்டால் அந்தக் கல்லூரி வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

ஏஜென்டுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால், இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.