நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. வெள்ளவத்தையில் உள்ள அவரது தொடர்மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். சாவகச்சேரியில் அவருடைய சீதனக் காணி இருக்கிறது. அப்பாவும் இருக்கிறார். அண்மைக் காலமாக அம்மாவுக்கு ஞாபகமறதி. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்ள ஒரு பொது அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி வைத்தால் போதுமா? மறதி முற்றினாலும் அது செல்லுமா?
– மகள், தெஹிவளை

பதில்: மறதி முற்றினால் செல்லாது. இதைத் தெரியாமல்தான் பல குடும்பங்கள் தத்துவத்தை அலுமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. தத்துவத்தின்படி, தானாகச் செய்யக்கூடிய ஒருவருக்குப் பதிலாக நீங்கள் செய்கிறீர்கள். அவருக்கு விளங்கிக்கொள்ளும் ஆற்றல் போனால் உங்கள் அதிகாரமும் போய்விடும். அவர் காலமானாலும் அப்படியே. பிரித்தானியாவில் உள்ளதுபோல மனநிலை குன்றிய பின்னும் நீடிக்கும் தத்துவம் எமது இலங்கைச் சட்டத்தில் இல்லை. அந்தக் கட்டத்துக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், வைத்திய சாட்சியத்தோடு விசாரணை நடந்து, சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கச் செய்ய வேண்டும்.

ஆனால் மறதி தொடங்கிவிட்டது என்பதற்காக இப்போது எழுத முடியாது என்றில்லை. கையெழுத்திடும் நாளில் யாருக்கு, என்ன அதிகாரம் கொடுக்கிறேன் என்பது அம்மாவுக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். அதே வாரத்தில் அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். தமிழில் ஆவணம் எழுத அனுமதியுள்ள நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) ஒருவரிடம் போங்கள். அவர் அம்மாவோடு தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே இருங்கள். நாளைக்குச் சகோதரர் எவரும் 'அம்மாவை வற்புறுத்தி வாங்கினாய்' என்றால் அந்தக் கால் மணித்தியாலம்தான் உங்களைக் காக்கும்.

பொதுத் தத்துவத்தை நாங்கள் விரும்புவதில்லை. நீதிமன்றங்கள் தத்துவத்தை இறுக்கமாகவே வாசிக்கும். எழுதாத அதிகாரம் கொடுக்காத அதிகாரம். 'எனது சொத்துகள் அனைத்தையும் நிர்வகிக்க' என்ற வரியை நம்பி வீட்டை விற்கப் போகாதீர்கள். வாடகைக்கு இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'மேற்படி வீட்டின் வாடகையை அறவிடவும், பற்றுச்சீட்டு வழங்கவும், குத்தகையைப் புதுப்பிக்கவும், வாடகை தவறின் வழக்கிடவும்.' கீழே வீட்டு உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், தொடர்மாடியின் அலகு இலக்கம் எல்லாம் வர வேண்டும்.

காணியை விற்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியே ஒரு விசேட தத்துவம் (அந்த ஒரு வேலைக்கு மட்டுமானது) எழுதி, விற்ற பணம் அம்மாவின் கணக்கிலேயே வைப்பிலிடப்பட வேண்டும் என்றும் சேருங்கள். காணி உறுதி நொத்தாரிசு முன்பும் இரு சாட்சிகள் முன்பும் முடிக்கப்பட வேண்டியது என்பதால், அந்தத் தத்துவத்தையும் அதே முறையில் முடிப்பதுதான் பாதுகாப்பு. அம்மா தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்டவர் என்றால் இன்னொன்று: 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. சீதனக் காணிக்கும் இது பொருந்தும். அப்பாவின் சம்மதத்தையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

பெயரில்தான் அதிகம் சிக்கும். உறுதியில் 'லக்ஷ்மி', அடையாள அட்டையில் 'இலட்சுமி' என்றிருந்தால் இரண்டையும் 'என்றும் அழைக்கப்படும்' என்று இணைத்து எழுத வேண்டும். வங்கியில் கையெழுத்து தடுக்கும்: இருபது வருடத்துக்கு முன் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு இன்றைய நடுங்கும் கை ஒத்துவராது. தத்துவம் எழுதுமுன் அம்மாவை ஒருமுறை வங்கிக்குக் கூட்டிப்போய் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்துவிடுங்கள். வங்கி தன் சொந்தப் படிவத்தையும் கேட்கலாம். அந்த வேலையையும் அன்றைக்கே முடிக்கலாம்.

பிறகு தத்துவத்தைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்து, உறுதிப்படுத்திய பிரதிகள் சில எடுங்கள். அற்றோணித் தத்துவங்கள் பற்றிய 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. யாரோ தந்த பழைய மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள்.

கேள்வி: அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். அவர் பெயரிலுள்ள கொட்டாஞ்சேனை வீட்டை நான் விற்க வேண்டும். தத்துவத்தில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால் போதாதா?
– தம்பி, கொழும்பு 13

பதில்: போதாது, மூலப்பத்திரம் வர வேண்டும். வரைவை இங்குள்ள நொத்தாரிசிடம் எழுதுவித்து அனுப்புங்கள். அண்ணா அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்துக்கு நேரில் போய், அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். பத்திரம் இங்கு வந்ததும் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, அதன் பின் பதியுங்கள். விற்பனை முடிந்ததும் தத்துவத்தை ரத்துச் செய்து, அந்த ரத்துப் பத்திரத்தையும் பதிவாளரிடம் பதிந்துவிடச் சொல்லுங்கள்.