வெள்ளிக்கிழமையில் அருங்காட்சியகம் காட்டும் வேன்காரர்

கேள்வி: தென்காசியிலிருந்து வருகிறோம். நான், மனைவி, முழங்கால் வலியுள்ள அம்மா, 13 வயது மகள், 7 வயது மகன். தாம்பரத்தில் உறவினர் வீட்டில் தங்கி வெள்ளி, சனி இரண்டு நாளும் சென்னையைச் சுற்றிப் பார்க்க ஆசை. வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்கு வேன்காரர் ஒருவர் 7,000 ரூபாய் கேட்கிறார். மெரினா, கபாலீசுவரர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம், மாமல்லபுரம், 'எல்லா டிக்கெட்டும் சேர்த்து' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வாராந்திர விடுமுறையே வெள்ளிக்கிழமைதான். அது அந்த வேன்காரருக்குத் தெரியாமல் இருக்காது. வாசல் வரை கூட்டிப்போய், 'அடடா, இன்னைக்கு லீவாம் சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்புவார், அவருக்கு நேரம் மிச்சம்.

அப்புறம் அந்த 'எல்லா டிக்கெட்டும்'. மெரினாவுக்கு டிக்கெட் கிடையாது, கோயிலுக்கும் கிடையாது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை கவுன்டரில் பெரியவர்களுக்கு ஆளுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழ் இலவசம். ஆக உங்கள் குடும்பத்துக்கு 120 ரூபாய். இதைத்தான் சேர்த்துத் தருகிறாராம்.

மிச்சப் பணத்தை அவர் எங்கே சம்பாதிக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் குடும்பம் இப்படி ஒரு வேனில் போனபோது, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு 20 நிமிடம், 'சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்' என்று நிறுத்திய கைவினைக் கடையில் ஒன்றேகால் மணி நேரம். வாசலிலேயே மோர் கொடுத்து உட்காரவைத்து, கல் பிள்ளையார் ஒன்றைக் கையில் திணித்துவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் தெருவோரத்தில் அதே பிள்ளையார் பாதி விலை. அந்த வித்தியாசத்தில் டிரைவருக்கும் பங்கு உண்டு.

சரி, வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துக்கு நீங்களே போங்கள். தாம்பரத்திலிருந்து 515 மாநகரப் பேருந்து இருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்றைக்கு ஒரே டிக்கெட்தான், இரண்டாவது இடத்தில் மறுபடி வாங்க வேண்டியதில்லை, சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். இரண்டுக்கும் நடுவில் மட்டும் அம்மாவுக்காக ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தபசு தெருவோரப் பாறைச் சிற்பம், காசே வேண்டாம். தபசு செய்கிற பூனையைப் பையனிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் ஓடும்.

பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதை நம்பி எல்லாரும் ஏறுகிறார்கள், இங்கேதான் தகராறே. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மட்டும்தான் இலவசம். டீலக்ஸில் கிடையாது, ஏசியில் கிடையாது, விரைவுப் பஸ்ஸில் கிடையாது. ஒரே எண்ணில் இரண்டு வகையும் வரலாம், ஆகவே எண்ணைப் பார்த்து ஏறாதீர்கள். முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இலவசம். பெயின்ட் இல்லாத வண்டியென்றால் படியில் கால் வைக்கும் முன் கண்டக்டரிடம் 'லேடீஸ் ஃப்ரீயா?' என்று கேட்டுவிடுங்கள். சென்னைக்காரராக இருக்க வேண்டும், ஆதார் காட்ட வேண்டும் என்றெல்லாம் எதுவும் இல்லை. இலவசம் என்றாலும் சீட்டு வாங்கியாக வேண்டும், செக்கர் ஏறினால் அதைத்தான் கேட்பார். அந்தப் பஸ் கிடைத்தால் அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் செலவில்லை. உங்களுக்கு முழு டிக்கெட், பையனுக்கு அரை.

சனிக்கிழமை தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில், பத்து ரூபாய். காலையிலேயே அருங்காட்சியகம் போய்விடுங்கள், கட்டணம் சொற்பம். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போய்த் திருவாலங்காட்டு நடராசரைப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூடு. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மெரினா கலங்கரை விளக்கம், ஐந்துக்குள் ஏறி இறங்கிவிடலாம். லிஃப்ட் உண்டு, ஆனால் கடைசியில் கொஞ்சம் படி ஏற வேண்டும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கபாலீசுவரர் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும்.

அருங்காட்சியகம் வெள்ளி லீவு, கலங்கரை விளக்கம் திங்கள் லீவு, வண்டலூர் பூங்கா செவ்வாய் லீவு. இதையெல்லாம் ஒரே பலகையில் எழுதி ரயில் நிலையத்தில் மாட்ட எவ்வளவு பணம் செலவாகிவிடும்? செய்ய மாட்டார்கள். அந்தப் பலகை இல்லாததால்தான் வேன்காரர்கள் பிழைக்கிறார்கள். வண்டலூர் பக்கத்தில்தானே என்று உறவினர் சொல்வார், பெரியவர்களுக்கு ஆளுக்கு 200 ரூபாய், நடையும் அதிகம், இந்த முறை விட்டுவிடுங்கள்.

மெரினாவில் ஒன்றே ஒன்று. குதிரைக்காரர் பையனைத் தூக்கி உட்காரவைத்த பிறகு விலை பேசாதீர்கள். 'ஒரு ரவுண்டு' என்றால் எங்கிருந்து எங்கே என்று கையைக் காட்டச் சொல்லி, தொகையையும் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.