பெரியம்மாவுக்கு லூப்பஸ், எனக்கும் அதுதானா?

கேள்வி: எனக்கு 34 வயது, சிங்கப்பூரில் உட்லண்ட்சில் வசிக்கிறேன். எட்டு மாதங்களாக ஓயாத அசதி. காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன, வாய்ப்புண் வந்து வந்து போகிறது, முடி கொத்தாக உதிர்கிறது. பெரியம்மா லூப்பஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தார், தங்கைக்குத் தைராய்டு. பலதுறை மருந்தகத்துக்கு மூன்று முறை போனேன். ரத்தம் நார்மல் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். தனியார் நிலையத்தில் நானே எடுத்துக்கொண்ட சோதனையில் ‘ஏஎன்ஏ 1:80 பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. 980 வெள்ளிக்கு முழுத் தொகுப்பையும் எடுத்தால் என்ன நோய் என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாளில் பயன்படும்.

லூப்பஸ் ஒரு தன்னுடல் தாக்குநோய், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த உடலையே தாக்கும் நோய். முதலில் அந்த 1:80 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் உடலின் அணுக்களுடைய கருவையே பகையாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே ஏஎன்ஏ சோதனை. ரத்த நீரை 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது தென்பட்டது என்பதுதான் 1:80இன் பொருள். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேருக்கு இதே 1:80 அளவில் இருந்தது தெரியவந்தது. லூப்பஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் இந்தச் சோதனை பாசிட்டிவாக இருக்கும் என்பதால், நெகட்டிவாக வந்தால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். பாசிட்டிவாக வந்தால், அதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. முப்பது சோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்கும்போது ஏதாவது ஒன்றிரண்டு பெரும்பாலும் சிவப்பு எழுத்தில் வந்துவிடும். அந்தச் சிவப்பைக் காட்டித்தான் அடுத்த தொகுப்பை விற்கிறார்கள். சோதனையை விற்பவர் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன என்ற வரி. எழுந்ததிலிருந்து எத்தனை நிமிடம் அப்படி இருக்கிறது? பத்து நிமிடத்தில் சரியாகிவிடுவது வேறு. பல் துலக்கி, குளித்து, பிள்ளைக்கு உணவு கட்டி முடித்த பிறகும், ஒரு மணி நேரம் கழித்தும், மாவு டப்பாவின் மூடியைத் திருக முடியவில்லை என்பது வேறு. இரண்டாவது வகையானால் மூட்டுக்குள் அழற்சி இருக்க வாய்ப்பு உண்டு. விரல்கள் வீங்கியிருக்கும் காலையில், சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் பிற்பகலில் வீக்கம் வடிந்திருக்கும். அப்போது அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும். முகத்தையும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லூப்பஸில் கன்னத்தில் வரும் தடிப்பு சிவப்பாக இருக்கும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள்; நம் மாநிறத் தோலில் அது கருத்தோ ஊதா கலந்தோ தெரிவதால், மங்கு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது குடும்ப வரலாறு. நம் வீடுகளில் ‘வாதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் முடக்குவாதம், பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், யூரிக் அமிலக் கோளாறு எல்லாம் அடங்கிவிடும். ஆகவே அம்மாவிடம் நோயின் பெயரைக் கேட்பதைவிட, பெரியம்மா என்ன மாத்திரை சாப்பிட்டார், எந்த வயதில் ஆரம்பித்தது, கருச்சிதைவு ஏதும் உண்டா என்று கேளுங்கள். இத்தகைய நோய்களுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துகளில் ஒன்றின் பெயர் கிடைத்தால், அது பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம். அதே நேரத்தில், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லூப்பஸ் வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். பெரியம்மாவின் முடிவு உங்கள் முடிவு என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தங்கையின் தைராய்டும் கவனிக்க வேண்டியதே, ஏனெனில் தன்னுடல் தாக்குநோய்கள் குடும்பத்துக்குள் வேறு வேறு உருவத்தில் வரக்கூடியவை. அசதியும் முடி உதிர்வும் தைராய்டுக் குறைவிலும் இரும்புச்சத்துக் குறைவிலும் வருகின்றன. ‘ரத்தம் நார்மல்’ என்ற சொல்லுடன் திரும்பி வராமல், எவற்றைச் சோதித்தார்கள் என்று ஹெல்த்ஹப் செயலியில் பாருங்கள். அதில் தைராய்டும் இரும்புச் சேமிப்பும் இல்லையென்றால் அவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

மூன்று முறை போனீர்கள், மூன்று வெவ்வேறு மருத்துவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் சில நிமிடங்களில் ஒரு துண்டைப் பார்த்தார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. ஒரே குடும்ப மருத்துவரிடம் நிலையாகப் பதிந்துகொள்ளச் சொல்லும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 40 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. லூப்பஸ் போன்ற நோய்கள் பெண்களைப் பிடிப்பதோ பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும். யாருக்கு ஒரே மருத்துவரின் தொடர்ந்த பார்வை மிகவும் தேவையோ அவர்களை வரிசைக்கு வெளியே நிறுத்தியிருப்பது எனக்கு ஆறவில்லை. திட்டம் மாறும்வரை அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது: ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதி, படங்களுடன், அதே மருத்துவரிடம் மறுபடியும் போங்கள். மூட்டு நோய்களையும் லூப்பஸ் போன்றவற்றையும் பார்க்கும் வாதநோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் ‘மூட்டுவலி’ என்று ஒற்றைச் சொல் இருந்தால், காலை இறுக்கத்தின் நேரம், வாய்ப்புண், பெரியம்மாவின் நோய் ஆகியவற்றையும் சேர்த்து எழுதும்படி பணிவாக வற்புறுத்துங்கள். உங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் முறை கிடைக்கும் என்பதை அந்த வரிகள் தீர்மானிக்கக்கூடும். பலதுறை மருந்தகத்தின் கடிதத்துடன் போனால் மானியக் கட்டணம். குறிப்பிட்ட ஒரு நிபுணரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தனியார் நோயாளியாகிவிடுவீர்கள். பிறகு மானியப் பிரிவுக்கு இறங்குவதற்கு மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்து வருமானக் கணக்குக் காட்ட வேண்டிவரும். ‘நான் சீக்கிரம் முறை வாங்கித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகர்கள் இதை உங்களிடம் சொல்வதில்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் யாராவது ஒருவர், ஜோகூரிலிருந்து வந்ததென்றோ முழுக்க மூலிகையென்றோ சொல்லி, மூட்டுவலிக்கு ஒரு குப்பி மாத்திரை கொடுப்பார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டால் மகிழாதீர்கள், பயப்படுங்கள். அப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. என்னிடம் வந்த ஓர் அம்மாள் நான்கு மாதம் அதைச் சாப்பிட்டிருந்தார். முகம் நிலா போல உப்பியிருந்தது, மூட்டுகளில் வீக்கமே இல்லை, நான் தேடிய தடயம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குப்பி தீர்ந்ததும் தானாக நிறுத்தியவர், சில நாளில் சமையலறையில் மயங்கி விழுந்தார். ஸ்டீராய்டு நோயை மறைக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

பொறுமையாகக் காத்திருங்கள் என்று நான் சொல்வதில் ஒரு விலக்கு உண்டு, அது சிறுநீரகம். லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலிக்காது. இதை மறுபடியும் சொல்கிறேன், வலிக்காது. உங்கள் பெரியம்மாவுக்கும் வலித்திருக்காது. சிறுநீர் கழித்த பிறகு நுரை கலையாமல் நிற்பது, மாலையில் காலுறையின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிவது, காலையில் இமைகள் வீங்கியிருப்பது, ரத்த அழுத்தம் திடீரென்று ஏறுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், சிறப்பு மருத்துவரின் தேதி மூன்று மாதம் தள்ளி இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்ச் சிறுநீரில் புரதமும் ரத்தமும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. இந்த அறிகுறிகளில் எதுவும் இல்லாவிட்டாலும், அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையையும் ரத்த அழுத்தத்தையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பலதுறை மருந்தகத்திலேயே செய்துவிடலாம், அந்தத் தொகுப்பின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது.