ராணுவத்தின் ஜாக் (சட்ட விவகாரங்களைக் கவனிக்கும்) பிரிவில் இருந்தவர் ஓய்வுக்குப் பின் குற்றவியல் சட்டம் கற்பிக்க முடியுமா?

முடியும். நன்றாகவே கற்பிப்பார் என்பது என் கருத்து.

கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், தீர்ப்புச் சொல்ல உட்காருபவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் ராணுவ அதிகாரிகள். குற்றத்தின் கூறுகள் என்ன, எந்தச் சாட்சியத்தை ஏற்கலாம் என்று அவர்களுக்குப் புரியும்படி விளக்குவதுதான் ஜாக் பிரிவிலிருந்து வரும் ஜட்ஜ் அட்வகேட் என்ற சட்ட அதிகாரியின் வேலை. முதலாண்டு மாணவருக்கு வகுப்பெடுப்பதும் ஏறக்குறைய அதே வேலைதானே? அப்புறம், 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, திருட்டு போன்ற சாதாரணக் குற்றங்களையும் கோர்ட் மார்ஷலின் கீழ் கொண்டுவருகிறது. 133ஆம் பிரிவின்படி சாட்சியச் சட்டமும் அங்கே பொருந்தும். அதனால் குற்றங்கள், சாட்சியம் ஆகிய இந்த இரண்டும் அவருக்குப் பழகிய பாடங்கள்.

சிரமம் நடைமுறைச் சட்டத்தில்தான், அதாவது வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் சட்டத்தில். எஃப்ஐஆர், ரிமாண்ட், ஜாமீன் எல்லாம் போலீஸும் மாஜிஸ்திரேட்டும் நடத்தும் உலகம். ராணுவ விசாரணை வேறு வழியில் போகிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வேறு வந்துவிட்டன. இதை உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

தகுதி? உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாக எல்எல்எம் (சட்ட முதுகலைப் பட்டம்), நெட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வு) கேட்பார்கள். 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு, 2022இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்த, துறை அனுபவத்தை வைத்து நியமிக்கும் ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ வழியும் உண்டு; அதற்குப் பட்டத் தகுதி கட்டாயமில்லை, ஆனால் நிரந்தரப் பணி அல்ல.