வெளிச் சவாரியில் குதிரையின் தலையைக் கட்டலாமா? கேள்வி பதில்

பயிற்சித் திடலின் வேலியைத் தாண்டிக் குதிரையை வெளியே ஓட்டிச் செல்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் பெங்களூருவின் வடக்கே எலகங்கா, ஜக்கூர், ஹெசரகட்டா, தேவனஹள்ளிப் பக்கத்துத் தமிழர்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். குதிரையைப் பற்றிப் புகார் சொன்னவர் யாரென்று தெரிந்துவிட்டால் மறுநாள் லாயத்தில் அவருக்கு நிம்மதி இருக்காது.

ஜக்கூர்: அக்கா, என் குதிரை பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் சாதி, 7 வயது. திடலுக்குள் அடக்கமாக நடக்கிறான். வெளியே போனால் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கையைப் பிடுங்கி இழுக்கிறான். தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் டிரா ரெயின் வாரை மாட்டினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். மாட்டலாமா?

மாட்டாதீர்கள், தம்பி. டிரா ரெயின் வயிற்றுவாரில் தொடங்கி, வாயிலிருக்கும் கடிவாள இரும்பின் வளையத்துக்குள் நுழைந்து, உங்கள் கைக்கு வருகிறது. பள்ளியில் படித்த நகரும் கப்பியின் கணக்குதான். உராய்வைச் சேர்க்காமல் பார்த்தால், கையில் 2 கிலோ இழுவை வாயில் 4 கிலோவாகப் போய்ச் சேரும். உங்கள் கைக்கு அது உறைக்காது. அதிலும் குதிரை மிரளும் நொடியில் மனிதக் கை யோசிக்காமல் செய்யும் முதல் வேலை இழுப்பது.

உங்கள் குதிரையின் பழைய வேலையையும் நினைத்துப் பாருங்கள். பந்தயப் பயிற்சியில் லகானைக் குறுக்கிப் பிடித்தால், அதன்மேல் சாய்ந்து ஓடுவதற்குத்தான் அவன் பழகியிருக்கிறான். நீங்கள் நிற்கச் சொல்லி இழுக்கும் இழுப்பு அவனுக்கு ஓடச் சொல்வதாகவே படும். இதற்கு மேல் இரட்டிப்பு இழுவை வேறா?

தலையைத் தூக்குவதற்கும் காரணம் உண்டு. குதிரை தூரத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையை உயர்த்தும், அருகில் இருப்பதைப் பார்க்கத் தாழ்த்தும். தாடையை மார்போடு சேர்த்துக் கட்டினால் அதற்குத் தெரிவது முன்கால்களுக்கு எதிரே கிடக்கும் மண் மட்டுமே. தைலமரத் தோப்பு திரும்பும் இடத்தில் தண்ணீர் லாரி வருகிறது, திராட்சைத் தோட்டத்து வேலியில் நீலப் பிளாஸ்டிக் தாள் படபடக்கிறது. இவை எதுவும் தெளிவாகத் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டால் எந்தக் குதிரை நிற்கும்?

வாரை வாங்கும் பணத்தை முதலில் கால்நடை மருத்துவருக்குக் கொடுங்கள். பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கீறும். கன்னத்துக்கு வெளியிலிருந்து அந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தலையை உதறினால் பாதி பதில் கிடைத்துவிட்டது. அடுத்து சேணம். பந்தயத்தை விட்டபின் அவன் முதுகின் சதை மாறியிருக்கும். அன்று பொருந்திய சேணம் இன்று தோள்பட்டையைக் கடிக்கலாம். மூன்றாவது தீனி. நாள் முழுக்க லாயத்தில் நிற்கும் குதிரைக்கு ஓட்ஸை அள்ளிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வெளியே கூட்டிப்போய் அமைதியாக நட என்றால் நடக்குமா?

இவை சரியான பிறகு, வயதான, எதற்கும் அசராத ஒரு குதிரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடையிலேயே போய் நடையிலேயே திரும்புங்கள். தூரம் குறைவாக இருக்கட்டும். அவன் கழுத்தை நீட்டி மூச்சை விட்டு நடக்கும் நாள்வரை பாய்ச்சல் வேண்டாம்.

ஹெசரகட்டா: லஞ்ச் பயிற்சியில், அதாவது நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடும்போது, சைடு ரெயின் (கடிவாளத்தை இரு பக்கமும் சேணத்தோடு கொக்கியால் கட்டும் வார்) போடுகிறோம். அதைக் கழற்றாமல் அப்படியே ஏறி வெளியே போகலாமா?

கூடவே கூடாது. ஏரிக்கரையில் குதிரை இடறுவதை நிதானமாகக் கவனித்திருக்கிறீர்களா? முன்கால் மடங்கும், கழுத்து சட்டென்று முன்னால் நீளும், மூக்கு ஏறத்தாழ மண்ணைத் தொடும், பிறகு தலை மேலே எழும்போது தோளும் கூடவே எழும். தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தை முன்னும் பின்னும் வீசித்தான் குதிரை விழாமல் தப்பிக்கிறது. சேணத்தோடு கட்டப்பட்ட தலையால் அது முடியாது. உங்களையும் கூட்டிக்கொண்டு விழும். மிரண்டு முன்கால் தூக்கினாலோ இன்னும் மோசம், பின்பக்கமாகவே சாய்ந்துவிடும். லஞ்ச் முடிந்ததும் இரண்டு கொக்கியையும் கழற்றிய பிறகே அங்கவடியில் கால் வையுங்கள்.

எலகங்கா: அப்படியானால், தலை அளவுக்கு மீறி எழாமல் தடுக்கும் மார்ட்டிங்கேல் வாரும் கூடாதா?

ரன்னிங் மார்ட்டிங்கேல் வேறு வகை. பெரியவர்களின் வெளிச் சவாரிக்கு நான் மறுக்காத ஒரே தலைக்கட்டு அதுதான், அதுவும் சரியாக மாட்டினால். வயிற்றுவாரிலிருந்து முன்கால்களுக்கு இடையே மேலே வந்து, கழுத்துவாரைக் கடந்து இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு வளையம், அதற்குள் லகான். தலை இயல்பான உயரத்தில் இருக்கும்போது அது எந்த வேலையும் செய்யக்கூடாது. உங்கள் கையிலிருந்து கடிவாளம்வரை லகான் நேர்கோடாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் கீழ்நோக்கி உடைந்தால் அது குட்டை. எலகங்கா, ஹெப்பாள் பக்கம் நான் பார்க்கும் மார்ட்டிங்கேல்களில் பாதி குட்டைதான். கடையில் தொங்கிய அளவிலேயே மாட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. வளையத்துக்கும் கடிவாளத்துக்கும் நடுவே லகானில் ரப்பர் தடுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளையம் முன்னே நழுவி லகானின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். தலை கீழே பூட்டப்பட்ட குதிரை பின்வாங்கிப் பின்வாங்கித் தன்னையே பயமுறுத்திக்கொள்ளும். தடுப்பு விலை மிகக் குறைவு. காய்ந்து வெடித்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இந்திராநகர்: நான் ஓய்வுபெற்ற இராணுவத்தான், மேடம். போலோவில் மூக்குவாரோடு கட்டும் ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் போட்டுத்தான் ஆடினோம். ஒன்றும் ஆனதில்லை.

ஐயா, போலோ மைதானம் சமதளம். அங்கே பள்ளம் கிடையாது, ஓடை கிடையாது. மட்டை வீசும் கைக்கு மேல் குதிரையின் தலை எகிறி முகத்தில் மோதாமல் இருக்கவே அந்த வார். தேவனஹள்ளிக்கு அப்பால் மழைக்குப் பின் உழவுச் சாலில் இறங்கும் குதிரைக்கு மூக்குவாரோடு கட்டிய வார் எதிரி. தண்ணீரில் இறங்கி நீந்த நேர்ந்தால் தலையை மேலே வைக்கவே முடியாது. உங்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. இடம் வேறு என்கிறேன்.

மல்லேஸ்வரம்: போட்டி விதிகள் என்ன சொல்கின்றன?

டிரஸாஜ் போட்டியில் (திடலுக்குள் குதிரையின் நடையையும் பணிவையும் பார்ப்பது) மார்ட்டிங்கேல், சைடு ரெயின், டிரா ரெயின் எல்லாவற்றுக்கும் தடை. நம் ஊர்க்காரர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றாரே, அந்த ஈவென்டிங் என்ற பல சுற்றுக் குதிரைப் போட்டியில் நாட்டுப்புறத் தடைதாண்டல் சுற்று ஒன்று உண்டு. அதில் ரன்னிங் மார்ட்டிங்கேலும் ஐரிஷ் மார்ட்டிங்கேலும் அனுமதி, ஸ்டாண்டிங் கூடாது. மேடும் பள்ளமும் தண்ணீருமான தடத்துக்கு விதி எழுதியவர்களும் கழுத்தை விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். (ஐரிஷ் என்பது இரண்டு வளையம் கோத்த சிறு துண்டு வார். தலையைத் தாழ்த்தாது, ஓட்டுபவர் விழுந்தால் லகான் தலைக்கு மேல் போகாமல் தடுக்கும்.)

சிவாஜிநகர்: என்னுடையது மார்வாரி. கழுத்து எப்போதும் நிமிர்ந்தே இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாம் தலையைத் தாழ்த்தப் பழக்கு என்கிறார்கள்.

பார்ப்பவர்களை மாற்றுங்கள். மார்வாரியும் கத்தியவாரியும் கழுத்தை உயர்த்திப் பிறக்கும் சாதிகள். அந்தக் காதுகளின் நுனி ஒன்றையொன்று தொடுவது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பு இது. ஐரோப்பியக் குதிரையின் படத்தைப் பார்த்து இதன் தலையை இறக்கினால் முதுகுதான் குழியும்.

ராமமூர்த்திநகர்: எங்கள் பயிற்சியாளர் எல்லாருக்கும் டிரா ரெயின் போட்டுத்தான் வெளியே அனுப்புகிறார். இதுவரை யாரும் விழவில்லை.

விழாதவரை எதுவும் பாதுகாப்பானதுதான். அவரிடம் ஒன்று கேளுங்கள்: வாரைக் கழற்றிய அன்று குதிரை எப்படி நடக்கிறது? முன்பு போலவே என்றால் இத்தனை நாளும் அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

தனிசந்திரா: சாலையைக் கடந்துதான் தோப்புக்குப் போக வேண்டும். சாட்டை எந்தக் கையில்?

வலது கையில். நாம் இடதுபுறம் போகிறோம், வண்டிகள் வலதுபுறம் உரசிப் போகின்றன. குதிரையின் பின்பகுதி சாலைப்பக்கம் திரும்பாமல் இருக்க, அந்தப் பக்கத்தில் சாட்டை சும்மா தெரிந்தால் போதும். இறங்கி நடத்திச் சென்றால் வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் இருங்கள். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் வெடிச் சத்தம் ஓயும்வரை வெளியே போகவே வேண்டாம்.

ஹெண்ணூர்: ஏரிக்கரையில் நாய்கள் துரத்தியபோது குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. மார்ட்டிங்கேல் இருந்தும் நிறுத்த முடியவில்லை, அக்கா.

மார்ட்டிங்கேல் நிறுத்தாது. அதற்கு அந்த வேலை தெரியாது. அகலமான இடமாக இருந்தால் பெரிய வட்டமாகத் திருப்பி, மெல்ல மெல்ல வட்டத்தைச் சுருக்கலாம். கரைமேல் அதற்கு இடம் ஏது? ஒரு லகானைக் குறுக்கிப் பிடித்து, அந்தக் கையைப் பிடரியோடு அழுத்தி ஊன்றுங்கள். மற்றக் கையால் மேல்நோக்கிப் பின்னால் இழுத்து, விட்டு, மீண்டும் இழுங்கள். தொடர்ந்து இழுத்தால் அவன் சாய்ந்துகொள்வான், விட்டு விட்டு இழுத்தால் சாய எதுவும் இருக்காது. பாய்ச்சலில் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பாதீர்கள், கால் பின்னி விழும். இதைத் திடலில் நடையிலும் துள்ளலிலும் பழகியிருந்தால்தான் கரைமேல் கை வரும். நாய் தூரத்தில் வரும்போதே குதிரையை அதன் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். முதுகைக் காட்டி ஓடுவதைத்தான் நாய்கள் துரத்தும்.

கூடவே ஒரு கழுத்துவார் போடுங்கள். பழைய அங்கவடித் தோல்வாரைக் குதிரையின் கழுத்தில் தளர்வாகக் கட்டினாலே போதும். நிலை தடுமாறும்போது பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் கை கடிவாளத்தில் தொங்காது. என் லாயத்து சயீஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) எந்த வார் இல்லாமலும் வெளியே அனுப்புவார், இது இல்லாமல் அனுப்ப மாட்டார்.

அல்சூர்: என் மகளுக்கு 9 வயது. மட்டக்குதிரை புல்லைக் கண்டால் சடாரெனத் தலையை இறக்குகிறது, பிள்ளை கழுத்தின் வழியே சறுக்கிக் கீழே வருகிறாள். இதற்கும் எதுவும் கூடாது என்பீர்களா, மேடம்?

இதற்குக் கூடும். சின்னக் கைகளால் அந்தக் கழுத்தை நிமிர்த்த முடியாது. புல்வார் என்று லாயத்தில் சொல்வோம்: கடிவாள வளையத்திலிருந்து நெற்றிப்பட்டையின் இரு முனைகள் வழியாகச் சேணத்தின் முன்வளையத்துக்கு ஓடும் கயிறு. குதிரை கழுத்தை இயல்பாக நீட்டி நடக்க முடிய வேண்டும், வாய் மட்டும் புல்லை எட்டக்கூடாது. அந்த நீளத்தை நீங்களே நடத்திப் பார்த்துக் குறியுங்கள். முதல் சில முறை குதிரையைப் பிடித்து நடத்தும் லீட் கயிறும் ஒரு பெரியவர் கையில் இருக்கட்டும். சரிவிலோ ஓடையிலோ இறங்கும் முன் புல்வாரைக் கழற்றிவிடுங்கள். நைலான் கயிறாக இருந்தால் சேணத்தோடு நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு சணல் கண்ணி போட்டுக் கட்டுங்கள். குதிரை இடறித் தலையை வீசினால் முதலில் அந்தச் சணல் அறுந்துபோக வேண்டும்.